சிலேட்டுக் கல்லில் சவரக்கத்தி தீட்டும்போது வரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழியும்

லண்டனில் இருக்கிற மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது எனக்கென்று கொண்டுவந்தது சொக்லேற் இல்லை, ஒரு கல். 20 சென்ரிமீற்றர் நீளம், 6 அகலம், இரண்டரை தடிப்பு. கிட்டத்தட்ட ஒரு கிலோ பாரம், ஊதா நிறம். வேல்ஸ் நாட்டுச் சிலேட்டு. பெரியப்பாவின் சோலிங்கன் சவரக்கத்தி என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும். "இனி நீ பிளேட் வாங்கத் தேவையில்லை" என்றார். அதற்குப் பிறகும் நாலு மாதம் நான் பிளேட்தான் வாங்கினேன்.

அந்த நாலு மாதமும் என்னென்ன பிழைத்தது, எது எதனால் பிழைத்தது என்பதைக் குறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் கத்தி என்ன செய்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த மூன்று பந்தியையும் தாண்டிப் போகாதீர்கள்.

சேறும் எரிமலைச் சாம்பலும் கடலடியில் படிந்து, பிறகு மலை எழும்பும்போது அழுத்தமும் சூடும் பட்டு இறுகியது சிலேட்டு. அதனால்தான் தகடு தகடாகப் பிளக்கிறது. அதற்குள் குவார்ட்ஸ் மிக நுண்ணிய துகள்களாக இருக்கிறது. அதைச் சுற்றி மைக்கா, குளோரைற் போன்ற மென்மையான கனிமங்கள். உருக்கை உரசுவது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 7. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கல் சுண்ணாம்புக்கல். அதில் இருக்கிற கல்சைற்றின் கடினம் 3. நண்பர் ஒருவர் கீரிமலைப் பக்கம் பொறுக்கிய கல்லை ஒரு கிழமை மினுக்கிக் கொண்டுவந்தார். கத்தி தீட்டுப்படவில்லை, கத்திதான் கல்லைச் சீவியது. யாழ்ப்பாணத்துக் கல்லில் வீடு கட்டலாம், சவரக்கத்தி தீட்ட ஏலாது.

சிலேட்டுக் கற்களிலும் பல வகை. வேல்ஸின் ஊதா, பச்சை, சாம்பல் கற்கள். ஜேர்மனியின் துரிங்கியா மலைப்பகுதிக் கல், இது ஏஷர் என்ற பெயரில் ஒரு காலத்தில் உலகமெங்கும் போனது. சீனத்தில் இருந்து மலிவாக வரும் கரும் சாம்பல் கல். வேகமும் நயமும் கல்லுக்குக் கல் மாறும், ஒரே சுரங்கத்துக் கல்லே இரண்டு விதமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: சிலேட்டு மிக மெதுவாக வேலை செய்யும். அது கடைசி மினுக்கலுக்கான கல். மொட்டைக் கத்தியைக் கூராக்கும் கல் அல்ல. இதை நான் விளங்கிக்கொள்ளத்தான் நாலு மாதம் போனது.

இனிச் சொற்கள். கத்தியின் தடித்த மேற்பக்கம் முதுகு, வெட்டும் பக்கம் விளிம்பு. விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் மினுங்குகிற ஒடுங்கிய பட்டையை வெட்டுச்சரிவு என்கிறேன். சவரக்கத்தியில் கோணத்தை நீங்கள் பிடிக்கத் தேவையில்லை. முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படுக்கும், கோணம் தானாக அமையும். அலகு 18 மில்லிமீற்றர் அகலமும் முதுகு 5 மில்லிமீற்றர் தடிப்பும் என்றால் விளிம்பில் சுமார் 16 பாகை வரும். விளிம்பு முன்னே போகத் தள்ளி, கல்லின் முடிவில் முதுகின்மேல் உருட்டித் திருப்பி, மறுபக்கம் இழுக்க வேண்டும். விளிம்பின்மேல் உருட்டினால் அதுவரை செய்த வேலை அந்த ஒரு திருப்பலோடு போய்விடும்.

கையில் முடி வழிக்கிறது, முகத்தில் இழுக்கிறது

அதிகம் பேர் மாட்டுப்படுகிற இடம் இது. நானும் இங்கேதான் கிடந்தேன். முழங்கை முடி துப்புரவாக வழிபடும், உங்களுக்குச் சந்தோசம் வரும், நுரை பூசிக் கன்னத்தில் வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். உடனே சிலேட்டில் இன்னும் நூறு தரம் இழுப்பீர்கள். அது கொஞ்சம் மினுங்கும், ஆனால் இழுவை குறையாது. பிறகு கல் கூடாது என்று சொல்லுவீர்கள்.

எங்கள் ஊரில் நாற்பது வருடத்துக்கு மேல் சலூன் வைத்திருந்து இப்போது ஓய்வில் இருக்கிற ஐயா ஒருவரிடம் கத்தியையும் கல்லையும் கொண்டுபோய்க் காட்டினேன். கல்லை அவர் பார்க்கவேயில்லை. கத்தியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் விளிம்பு கண்ணை நோக்கி இருக்கப் பிடித்து, மெல்லச் சாய்த்துப் பார்த்தார். "தம்பி, இந்த இடம் மினுங்குது பாருங்கோ. கூர் எண்டால் மினுங்கக் கூடாது. அடியிலை வேலை முடியேல்லை, நீங்கள் மேலை பூச்சுப் பூசிக்கொண்டு இருக்கிறியள்."

சோதனை அவ்வளவுதான். கூரான விளிம்புக்கு அகலம் இல்லை, அதனால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப அதில் ஒன்றும் இல்லை. விளிம்பில் எங்காவது வெள்ளை நூல் மாதிரி ஒரு மினுக்கம் தெரிந்தால், அங்கே இரண்டு பக்கத்து வெட்டுச்சரிவும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. சந்திக்காத விளிம்பைச் சிலேட்டில் மினுக்கினால் மினுங்குகிற மொட்டைக் கத்திதான் கிடைக்கும்.

வெறுங்கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் 10 மடங்கு பெருக்கும் வில்லை ஒன்று தேவை, நகைவேலை செய்கிறவர்கள் கண்ணில் செருகிப் பார்ப்பார்களே, அது. கஸ்தூரியார் வீதியில் தெரிந்த பத்தர் யாராவது இருந்தால் கேளுங்கள், எங்கே வாங்கலாம் என்று சொல்லுவார். இந்தத் தொழிலில் நான் போட்ட காசில் மிகப் பயன்பட்ட காசு அந்த வில்லைக்குக் கொடுத்ததுதான். கல்லைவிட.

நீக்கும் வழி: சிலேட்டை ஒரு பக்கம் வையுங்கள். 1000 கிரிட் செயற்கைக் கல்லுக்குத் திரும்பிப் போங்கள் (கிரிட் என்பது கல்லின் நயத்தைச் சொல்லும் எண், எண் கூடக் கூட நயம் கூடும்). முதலில் வெட்டுச்சரிவு முழுவதையும் அழியாத மை மார்க்கரால் கறுப்பாக்குங்கள், இரண்டு பக்கமும். ஐந்து தரம் மட்டும் இழுத்துவிட்டு வில்லையால் பாருங்கள். மை முழுவதும் போயிருந்தால் கல் விளிம்புவரை தொடுகிறது. விளிம்போரம் மட்டும் கறுப்பு நின்றால், சரிவின் தோள்ப்பக்கம்தான் உரசுகிறது, இன்னும் உலோகம் போக வேண்டும். மை போகும்வரை, பிறகு மினுக்கம் எங்கும் தெரியாமல் போகும்வரை 1000 கல்லிலேயே நில்லுங்கள். என் கத்திக்கு இது முதல் தரம் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பழங்கத்தி, முந்தி யாரோ ஏனோதானோ என்று தீட்டியது, அதனால் அப்படி. ஒருமுறை சரியாக அமைத்தால் வருடக்கணக்குக்குத் திரும்ப 1000 பக்கம் போகத் தேவையிராது.

அதன் பிறகு 3000 அல்லது 4000, பிறகு 8000. ஒவ்வொரு கல்லிலும் முந்தின கல்லின் கீறல்கள் முழுவதும் போன பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். 1000 கல்லின் கீறலைச் சிலேட்டால் எடுக்கலாம் என்று நினைத்தால் எடுக்கலாம்தான், ஆனால் மாரி தொடங்கி முடிந்துவிடும். 8000 முடிந்த கத்தி, வாரில் (கடைசியாகக் கத்தியை இழுக்கிற தோல்பட்டையில்) இழுக்காமலே, ஓரளவுக்கு வலியில்லாமல் வழிக்க வேண்டும். வழித்தால் மட்டும் சிலேட்டை எடுங்கள்.

கல்லில் கத்தி வழுக்குகிறது, ஒன்றும் நடக்கிற மாதிரித் தெரியவில்லை

மூன்று காரணம் இருக்கலாம்.

கல்லுக்கு எண்ணெய் பட்டிருக்கலாம். பழங்கல்லாக வாங்கினால் முந்திய சொந்தக்காரர் எண்ணெய் போட்டுப் பாவித்திருப்பார், அது காய்ந்து பிசினாகி மேலே ஒரு தோலாக நிற்கும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைக் கல்லில் ஊற்றாதீர்கள். பாத்திரம் கழுவும் திரவமும் சுடுதண்ணீரும் போட்டு நைலோன் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் போகும். போகாவிட்டால் மேற்பரப்பைக் கொஞ்சம் தேய்த்தெடுக்க வேண்டியதுதான்.

அல்லது கல் வழுவழுத்துப் போயிருக்கும். பாவிக்கப் பாவிக்கக் குவார்ட்ஸின் முனைகள் தேய்ந்து, உருக்கின் துகளும் அடைத்து, மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அம்மி வழுவழுத்தால் பொளிவிப்போம் அல்லவா, அதே கதைதான். ஆனால் உளி வேண்டாம். 600 வோட்டர் பேப்பரைத் தண்ணீரோடு வைத்துப் பத்துப் பதினைந்து சுற்று உரசினால் கல் விழித்துக்கொள்ளும். அதே கல்லில் இருந்து உடைத்த சின்னத் துண்டு இருந்தால் அதனாலும் உரசலாம். நான் அதைக் குட்டிக்கல் என்பேன். குட்டிக்கல்லால் உரசும்போது தண்ணீரோடு கலந்து பால்போல ஒரு கலங்கல் வரும். இந்தக் கற்பால்தான் சிலேட்டின் வேகத்தைக் கூட்டுகிற மருந்து. உருண்டு திரிகிற துகள்கள், ஒட்டிக்கொண்டு இருக்கிற துகள்களைவிட வேகமாக வெட்டும்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் கோபிக்கக் கூடாது: எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது, உங்களுக்குப் பொறுமை இல்லை. கற்பாலோடு இழுக்கும்போது பாலின் நிறத்தைப் பாருங்கள். ஊதாப்பால் மெல்ல மெல்லச் சாம்பலாகிக் கறுத்தால் உருக்கு கரைந்து வருகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் கல் வேலை செய்கிறது. வெறும் தண்ணீரில் அந்த அறிகுறிகூட அவ்வளவாகத் தெரியாது.

நடுப்பகுதி நன்றாக வெட்டுகிறது, நுனியும் அடியும் வெட்டவில்லை

அல்லது மறுவளமாக. கல் மட்டமில்லை, அல்லது அலகு நேரில்லை. முதலில் கல்லைச் சந்தேகியுங்கள், அதைச் சோதிப்பது சுகம். நேரான உருக்கு அடிமட்டம் ஒன்றைக் கல்லின் குறுக்கே நிமிர்த்தி வைத்து, பின்னால் இருந்து ரோச் அடியுங்கள். கீழால் வெளிச்சம் ஒழுகினால் அங்கே குழி. நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம், நாலையும் பார்க்க வேண்டும்.

சுரங்கத்தில் இருந்து வெட்டி வந்த கல் பெரும்பாலும் மட்டமாக இராது. வாளின் அடையாளம்கூட இருக்கும். மட்டமாக்குவதற்கு எங்கள் ஊரில் கிடைக்கிறதை வைத்து நான் செய்தது இது. சமையலறை மேசைக்குக் கிரனைற் வெட்டுகிற இடத்தில் மிஞ்சிய துண்டு ஒன்று கேட்டு வாங்கினேன், ஓரடிக்கு ஓரடி, சும்மா தந்தார்கள். 8 அல்லது 10 மில்லிமீற்றர் தடித்த கண்ணாடித் துண்டும் ஆகும். ஜன்னல் கண்ணாடி மெல்லியது, கை அழுத்தத்துக்கு வளையும். அதன்மேல் தண்ணீரைத் தெளித்து 220 வோட்டர் பேப்பரை ஒட்டவைத்து, கல்லின் முகத்தில் பென்சிலால் சதுரங்கக் கட்டம் போல் கோடு கீறி, எட்டு வடிவில் உரச வேண்டும். கோடுகள் எங்கே முதலில் அழிகிறதோ அங்கே மேடு. எல்லாக் கோடும் ஒன்றாக அழிந்தால் மட்டம். திரும்பக் கோடு கீறி ஒருக்கால் உறுதிப்படுத்துங்கள். பிறகு 400, 600, 1000. கடைசியில் கல்லின் எட்டு விளிம்பையும் சாய்த்து மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் அந்தக் கூர்விளிம்பு ஒருநாள் கத்தியைக் கொத்தும்.

சிலிக்கன் கார்பைட் தூள் கிடைத்தால் கடதாசியைவிட வேகம். மோட்டார் கராச்சில் வால்வ் உரசுகிற பேஸ்ற் இருக்குமே, அதைக் கேட்டு வாங்கினால் என்ன என்று எனக்கும் தோன்றியது. வேண்டாம். கிடைக்கிறதில் பெரும்பாலானது கிறீஸில் குழைத்தது, கல்லில் ஊறினால் எடுக்கப் படாத பாடு படுவீர்கள்.

ஒன்று முக்கியம். இந்த வேலை முழுவதும் ஈரத்திலேயே நடக்க வேண்டும். சிலேட்டுத் தூளில் சிலிக்கா இருக்கிறது, காய்ந்த தூளைச் சுவாசிப்பது நெஞ்சுக்குக் கெடுதி. அங்கிள் கிரைண்டரைக் கொண்டு காய்ந்த கல்லைச் சீவ யாராவது வந்தால் கல்லைப் பறித்துக்கொண்டு உள்ளே போங்கள்.

கல் மட்டம், இன்னும் நுனி வெட்டவில்லை என்றால் அலகில் வளைவு. பழங்கத்திகளில் பாதிக்கு மேல் கொஞ்சம் முறுகித்தான் இருக்கும். மார்க்கர் சோதனையே இதையும் காட்டித்தரும்: ஒரு பக்கத்தில் நடு மை போகும், மறுபக்கத்தில் இரண்டு முனை மை போகும். இதற்கு அகலக் கல்லைவிட ஒடுங்கிய கல் நல்லது. அடிப்பக்கம் கல்லில் தொடங்கி நுனிப்பக்கம் முடிகிற மாதிரிக் குறுக்காக இழுத்தால் ஒவ்வொரு இடமாகக் கல்லைத் தொட்டுப் போகும். அழுத்தி வளைவை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். மெல்லிய அலகு அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கும், கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே போகும்.

முதுகில் தேய்மானம் கூடி அசிங்கமாகிறது என்றால் முதுகில் ஒரு சுற்று மின்சார ரேப் ஒட்டலாம். கோணம் சுமார் 1 பாகை கூடும், கெடுதியில்லை. ஆனால் 1000 கல்லில் ரேப் போட்டால் சிலேட்டிலும் ரேப் போடத்தான் வேண்டும். இடையில் கழற்றினால் விளிம்பு கல்லைத் தொடவே தொடாது. நான் ஒருமுறை கழற்றி, இரண்டு பின்னேரம் காற்றைத் தீட்டியிருக்கிறேன்.

கத்தி கூர், ஆனால் வழித்த பிறகு முகம் எரிகிறது

இந்தக் குறிக்குக் காரணம் கூர் குறைவது அல்ல. விளிம்பில் பிசிர் நிற்கிறது, அல்லது விளிம்பு கரடுமுரடாக இருக்கிறது. உலோகம் மிக மெல்லியதாகும்போது கல்லின் அழுத்தத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து மீசை மாதிரி நிற்கும், அதுதான் பிசிர். முதல் இரண்டு வழிப்பு அருமையாக இருக்கும், பிறகு அது உடைந்து முகத்தைக் கீறும்.

அதற்கு அழுத்தம்தான் முதற்காரணம். சிலேட்டில் கத்தியின் பாரம் மட்டும் போதும், கை அதை வழிநடத்தத்தான். இது எழுதச் சுகம், செய்யக் கஷ்டம். ஐயா சொன்ன உபாயம்: கத்தியை இரண்டு விரலால் மட்டும் பிடிப்பது. மற்ற விரல் பட்டால் அழுத்தம் தானாக வரும்.

இரண்டாவது காரணம் தடித்த கற்பாலோடு வேலையை முடிப்பது. உருண்டு திரிகிற துகள் வேகமாக வெட்டும் என்றேன், அதே துகள் விளிம்பில் நேருக்கு நேர் மோதி அதைக் கொஞ்சம் மழுக்கவும் செய்யும். அதனால் பால் படிப்படியாகத் தெளிய வேண்டும். நான் செய்கிற ஒழுங்கு: குட்டிக்கல்லால் மெல்லிய பால் எடுத்து ஒரு முப்பது தரம் போய் வருவேன். இரண்டு சொட்டுத் தண்ணீர், இன்னும் முப்பது. திரும்ப இரண்டு சொட்டு. இப்படி ஐந்தாறு தரத்தில் பால் தெளிந்து வெறும் தண்ணீர் மாதிரி ஆகும். பிறகு கல்லையும் கத்தியையும் கழுவி, சுத்தத் தண்ணீரில் நூறு தரம், ஒன்றைவிட ஒன்று மெதுவாக. கடைசியில் கல்லில் ஒரு சொட்டுச் சவர்க்கார நுரை விட்டால் கத்தி மிதக்கிற மாதிரிப் போகும். எல்லாருக்கும் இந்த எண்ணிக்கை பொருந்தாது, உங்கள் கல்லுக்கு உங்கள் எண்ணிக்கை.

பிசிர் ஏற்கெனவே வந்துவிட்டால் சிலேட்டில் இழுத்து எடுக்க நினைக்க வேண்டாம், ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்குத்தான் அது சாயும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு, விளிம்பைச் செங்குத்தாக வைத்து ஒரு கண்ணாடிக் குவளையின் வழுவழுப்பான அடிப்பக்கத்தில் ஒரே ஒரு தரம், பாரமே இல்லாமல் இழுங்கள். பிசிர் கழன்றுவிடும், கூரும் போய்விடும். பிறகு 8000 கல்லில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும். 1000 வரை போகத் தேவையில்லை என்பதே ஆறுதல்.

இழுக்கும்போது கீர் என்று சத்தம், விளிம்பில் புதிய பல்லு

நிற்பாட்டுங்கள். அந்த இழுப்பை முடிக்கவும் வேண்டாம். கல்லை மட்டமாக்கிய தூளில் ஒரு துகள் மேற்பரப்பிலோ, மழுக்காத விளிம்பிலோ ஒட்டியிருக்கும். சோளகக் காற்று அடிக்கிற நாளில் முற்றத்தில் இருந்து தீட்டினால் மண்ணும் வந்து விழும். கல்லைப் பிரஷால் கழுவி, வேலையை வீட்டுக்குள் மாற்றுங்கள். கழுவிய பிறகும் அதே இடத்தில் அதே சத்தம் வந்தால் கல்லுக்குள்ளேயே கடினமான கனிமப் புள்ளியோ கோடோ இருக்கிறது. சிலேட்டில் பித்தளை நிறத்தில் மின்னுகிற பைரைற் புள்ளிகள் சாதாரணம். உங்களுக்கு வேண்டாத பழைய மேசைக்கத்தி ஒன்றை அந்த இடத்தில் குறுக்காக இழுத்துப் பாருங்கள், கொத்துகிற இடம் கைக்குத் தெரியும். ஒரு புள்ளி என்றால் ஊசி முனையால் கிண்டி எடுத்துவிடலாம், சின்னக் குழியால் பிழையில்லை. நீளக் கோடு என்றால் கல்லின் மறுபக்கத்தைப் பாவியுங்கள்.

எல்லாக் கோடும் எல்லா நிறமும் கெடுதி என்று இல்லை. என் ஊதாக் கல்லில் பச்சை வட்டம் இரண்டு இருக்கிறது, பார்க்கப் பயம், ஆனால் கத்திக்கு வித்தியாசமே தெரியவில்லை.

கல் காய்ந்ததும் வெள்ளைப் படலம்

சுண்ணாம்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிறது, கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளைதான் கல்லிலும் படிகிறது. அடுத்த தரம் கத்தி அந்தப் பொருக்கின்மேல் ஏறி இறங்கும். மாரியில் ஓட்டால் விழுகிற மழைத் தண்ணீரை முதல் இரண்டு மழையை விட்டுவிட்டுப் போத்தலில் பிடித்து வைத்திருக்கிறேன், கல்லுக்கு அது மட்டும்தான். முடியாதவர்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாவித்துவிட்டு, காய முன்னம் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். படிந்துவிட்ட படலத்தைக் குட்டிக்கல்லால் உரசுங்கள். வினாகிரி ஊற்ற வேண்டாம், சில சிலேட்டுகளுக்குள்ளேயும் சுண்ணாம்புக் கனிமம் உண்டு, புளி பட்டால் மேற்பரப்பு அரிக்கும்.

நேற்று வெட்டியது, இன்றைக்கு வெட்டவில்லை

கல்லில் ஒரு பிழையும் இல்லை. கடற்காற்று. பழஞ்சவரக்கத்திகள் கார்பன் உருக்கு, அவற்றின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது, ஒரு இரவுத் துரு போதும் அதைத் தின்ன. காரைநகர், பருத்தித்துறை போலக் கரையோரத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னும் கெதியாக வரும். வழித்து முடிந்த கையோடு கழுவி, துடைத்து, சுத்தமான வாரில் பத்து இழுப்பு இழுத்தால் விளிம்பின் ஈரம் போகும். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, விரலால் அல்ல, துணியால். குளியலறையில் வைக்காதீர்கள்.

அப்புறம் வாரையும் பாருங்கள். தொய்ந்து கிடக்கிற வாரில் இழுத்தால் விளிம்பு உருண்டுபோகும். விறைப்பாகப் பிடித்து, முதுகு முன்னே போக, சிலேட்டில் இருந்து வந்த கத்திக்கு ஐம்பது அறுபது இழுப்பு. மாரி மாதத்தில் தோலில் பூஞ்சணம் பிடிக்கும், வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள். ஒரு கத்தியை ஒருவருக்கு மேல் பாவிக்கக் கூடாது என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன், அண்ணன் தம்பி என்றாலும். இரத்தத்தால் தொற்றுகிற வருத்தங்கள் அண்ணன் தம்பி பார்க்காது.

கல் தகடாக உரிகிறது

தண்ணீரில் ஊறவைத்திருப்பீர்கள். செயற்கைக் கற்களில் சிலதை ஊறவைக்க வேண்டும், சிலேட்டுக்கு அது தேவையே இல்லை, மேலே தெளித்தால் போதும். படலங்களுக்கு இடையில் தண்ணீர் போய்ப் போய்க் காய்ந்தால் மூலையில் ஓடு கிளம்பும். கிளம்பிய இடத்தைக் கத்தி படாதபடி தேய்த்து எடுத்துவிட்டு, கல்லை இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு, நாலு பக்கவாட்டுக்கும் வார்னிஷ் பூசுங்கள், தங்கச்சியின் நகப்பூச்சும் அதே வேலையைச் செய்யும். மேல் முகத்துக்குப் பூச வேண்டாம். மெல்லிய கல்லென்றால் எப்பொக்சிப் பசையால் ஒரு பலகையில் ஒட்டிவிடலாம். பலகை நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அது வளைந்து கல்லையும் முறிக்கும்.

பள்ளிக்கூடச் சிலேட்டு ஆகுமா?

பலர் கேட்டது, நானும் செய்து பார்த்தது. அப்புவின் காலத்து மரச்சட்டம் போட்ட சிலேட்டு ஒன்று பெட்டகத்துக்குள் கிடந்தது. தகரத்திலும் மட்டையிலும் செய்து கறுப்புப் பூசியவையும் உண்டு, அதனால் முதலில் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள், கல்லென்றால் உள்ளேயும் அதே நிறம் இருக்கும். என்னுடையது கல்தான். சட்டத்தைக் கழற்றி, முதிரைப் பலகையில் ஒட்டி, மட்டமாக்கினேன். நாலு மில்லிமீற்றர் தடிப்பு, மட்டமாக்க முன்னமே ஒரு மூலை முறிந்தது. மிச்சத்தில் கத்தி வழுவழுவென்று போனது, பாலும் கறுத்தது. முகத்தில் வைத்தபோது 8000 கல்லில் முடித்த கத்திக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இப்போது அதில் பேனாக்கத்தி தீட்டுகிறேன். அப்பு எழுதிய "அ" பின்பக்கத்தில் கீறலாக இன்னும் இருக்கிறது, அந்தப் பக்கத்தைத்தான் பலகையில் ஒட்டாமல் விட்டிருக்க வேண்டும்.